மார்ச் 14: ஒரு தேதி சேர்த்துவைத்த வரலாறு

மார்ச் 14 எல்லா ஊரிலும் ஒரே பெயரில் வருவதில்லை. அமெரிக்கப் பள்ளிகளுக்கு அது பை நாள், யுனெஸ்கோவுக்கு உலகக் கணித நாள், ஜப்பானின் இனிப்புக் கடைகளுக்கு வெள்ளை நாள், எஸ்டோனியர்களுக்குத் தாய்மொழி நாள். மூல நானக்‌ஷாஹி நாட்காட்டியைப் பின்பற்றும் சீக்கியர்களுக்கு அன்று புத்தாண்டு. தமிழ் வீடுகள் பலவற்றில் பெரும்பாலான ஆண்டுகளில் அன்றோ மறுநாளோ காரடையான் நோன்பு. ஐன்ஸ்டீன் பிறந்ததும், காரல் மார்க்ஸும் ஸ்டீபன் ஹாக்கிங்கும் மறைந்ததும், இந்தியாவின் முதல் பேசும் படம் திரைக்கு வந்ததும் இதே தேதியில்தான். இவற்றுக்குள் உறவு ஏதும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் எந்த வழியாக இந்தத் தேதிக்கு வந்து சேர்ந்தது என்று பார்க்கும்போது, நாட்காட்டி எப்படி இயங்குகிறது என்பதும், நினைவுநாட்களை உண்டாக்குபவர்கள் யார் என்பதும் தெரியவருகின்றன.

இந்தத் தேதியின் பழைய பதிவுகள் ரோமாபுரியைச் சேர்ந்தவை. ரோமானியர்களின் ஆண்டு முற்காலத்தில் மார்ச்சில் தொடங்கியது. அம்மாதத்தின் 15ஆம் நாளை அவர்கள் இடெஸ் என்றார்கள். 14 அதற்கு முந்திய நாள் என்றே கணக்கிடப்பட்டது. அன்று போர்த் தெய்வமான மார்ஸின் பெயரால் குதிரைப் பந்தயம் நடக்கும். டைபர் ஆற்றங்கரையில் மார்ஸ் மைதானம் இருந்தது. ஆற்றில் வெள்ளம் வந்து மைதானம் மூழ்கினால் பந்தயத்தைச் சீலியன் குன்றின் மேல் நடத்திவிடுவார்கள், நாளை மாற்ற மாட்டார்கள். கி.மு. 44இல் இதே நாள் மாலை ஜூலியஸ் சீசர் தன் தளபதி லெபிடஸின் வீட்டில் விருந்துண்டார். எத்தகைய சாவு நல்லது என்று பேச்சு திரும்பியபோது, எதிர்பாராமல் வருவதே நல்லது என்று அவர் சொன்னதாக ஸ்வெட்டோனியஸும் புளூட்டார்க்கும் எழுதியிருக்கிறார்கள். மறுநாள் செனட் கூடிய மண்டபத்தில் அவர் குத்திக் கொல்லப்பட்டார். அவர் வகுத்த புதிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்து அப்போது ஓராண்டுதான் கடந்திருந்தது. ஆண்டுக்கு 365 நாள், நான்காண்டுக்கு ஒருமுறை ஒரு மிகைநாள் என்ற அந்த ஏற்பாட்டைத்தான் சிறு திருத்தத்தோடு உலகம் இன்றும் பின்பற்றுகிறது.

அந்தச் சிறு திருத்தம் பெரிய குழப்பத்தை உண்டாக்கியது. சீசரின் ஆண்டு, பருவங்களின் ஆண்டைவிட ஏறத்தாழ 11 நிமிடம் நீளம். 16ஆம் நூற்றாண்டுக்குள் அந்த நிமிடங்கள் சேர்ந்து 10 நாள் பிழையாகிவிட்டன. 1582இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி அந்தப் பத்து நாளை நீக்கினார்; அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. கத்தோலிக்க நாடுகள் உடனே ஏற்றன. இங்கிலாந்து 1752 வரையிலும் ரஷ்யா 1918 வரையிலும் பழைய கணக்கிலேயே இருந்தன. ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிஸும் 1616 ஏப்ரல் 23 அன்று இறந்தார்கள் என்று ஒவ்வொரு புத்தக நாளிலும் மேடைகளில் சொல்லப்படுகிறது. ஒருவருடையது இங்கிலாந்தின் பழைய கணக்கு, மற்றவருடையது ஸ்பெயினின் புதிய கணக்கு. இரண்டுக்கும் நடுவே பத்து நாள். கலிலியோ இறந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்ற புகழ்பெற்ற செய்தியும் அப்படித்தான். ஒரே நாட்காட்டியில் வைத்துப் பார்த்தால் கலிலியோ இறந்தது 1642இல், நியூட்டன் பிறந்தது 1643இல்.

இங்கிலாந்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அங்கே 1752க்கு முன் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. ஆகவே மார்ச் 14 என்பது ஆண்டின் கடைசி நாட்களில் ஒன்று. பழைய ஆவணங்களில் அந்தத் தேதியைக் காணும் வரலாற்றாசிரியர் எந்த ஆண்டின் மார்ச் என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போக முடியும்.

1757இல் அந்தக் குழப்பம் தீர்ந்திருந்தது. அவ்வாண்டு மார்ச் 14 நண்பகலில் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் மோனார்க் என்ற போர்க்கப்பலின் மேல்தளத்தில் அட்மிரல் ஜான் பிங் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது சொந்த நாட்டுக் கடற்படையினர். மத்தியதரைக் கடலில் மினோர்கா தீவைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து காக்கத் தன்னால் இயன்றதனைத்தையும் செய்யவில்லை என்பது அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். கோழைத்தனமோ துரோகமோ இல்லை என்று இராணுவ நீதிமன்றமே சொல்லியது. கருணை காட்டவும் பரிந்துரைத்தது. மன்னர் இரண்டாம் ஜார்ஜ் இசையவில்லை. பிங் ஒரு மெத்தைத் திண்டின் மேல் மண்டியிட்டு, கண்ணைத் தானே கட்டிக்கொண்டு, கையிலிருந்த கைக்குட்டையை நழுவவிட்டார். சுடுவதற்கு அதுவே சைகை. அரைகுறையாக ஆயத்தம் செய்து, பழுதுபட்ட கப்பல்களோடு அவரை அனுப்பிய அமைச்சர்கள் தப்பித்துக்கொண்டார்கள். 250ஆம் ஆண்டு நினைவையொட்டி 2007இல் அவருடைய குடும்ப வழியினர் பொதுமன்னிப்புக் கோரினார்கள். அது அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

1794 மார்ச் 14 அன்று அமெரிக்காவில் கையெழுத்தான ஒரு காப்புரிமை இலட்சக்கணக்கான மனிதர்களின் வாழ்வை மாற்றியது. ஈலை விட்னி வடிவமைத்த பருத்தி அரவை எந்திரத்துக்கான காப்புரிமை அது. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்க இந்தியாவில் மர உருளைகள் கொண்ட கைக்கருவி பல நூற்றாண்டுகளாக இருந்தது. அமெரிக்காவின் உள்நாட்டில் விளைந்ததோ குட்டை இழைப் பருத்தி. அதன் இழை கொட்டையோடு ஒட்டிக்கிடக்கும். உருளைகளில் அது பிரியாது. ஓர் ஆள் நாள் முழுக்க உட்கார்ந்து கையால் நீக்கினால் ஏறத்தாழ ஒரு பவுண்டு பஞ்சு தேறும். விட்னி, உருளையில் கம்பிப் பற்களைப் பதித்து, கொட்டை நுழைய முடியாத ஒடுங்கிய இடுக்குகள் வழியே பஞ்சை மட்டும் இழுக்கச் செய்தார். ஒரு நாளில் 50 பவுண்டு வந்தது.

பஞ்சு பிரிப்பது எளிதானதும் பருத்திக் காடுகள் பெருகின. காடுகளில் பறிக்க மட்டும் எந்திரம் இல்லை. அங்கே அடிமைகள் நின்றார்கள். 1790இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 7 இலட்சம் அடிமைகள் இருந்தார்கள். 1860இல் அந்தத் தொகை 40 இலட்சத்தை நெருங்கியது. அதன் முடிவாக வந்த உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை அமெரிக்கப் பஞ்சு லங்காஷயர் ஆலைகளுக்குப் போகாமல் தடுத்தபோது, திருநெல்வேலி, கோயம்புத்தூர் கரிசல் நிலங்களில் பருத்தி விலை ஏறியது, தூத்துக்குடியிலிருந்து ஏற்றுமதி பெருகியது. போர் முடிந்ததும் விலை விழுந்தது. இவ்வளவு பெரிய விளைவுகளின் தொடக்கமான அந்த மார்ச் 14ஐ எவரும் கொண்டாடுவதில்லை. துக்கநாளாக அனுசரிப்பதும் இல்லை. அனுசரிக்கும் பொறுப்பை யாராவது எடுத்துக்கொண்டாலொழிய ஒரு நாள் நினைவுநாளாவதில்லை.

அப்படிப் பொறுப்பெடுத்துக்கொள்ளப்பட்ட நாளுக்கு எஸ்டோனியா சான்று. கிறிஸ்டியான் யாக் பீட்டர்சன் 1801 மார்ச் 14 அன்று ரீகா நகரில் பிறந்தார். அப்போது அந்நிலம் ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்ததால் பழைய கணக்கில் அது மார்ச் 2. படித்தவர்கள் ஜெர்மனில் எழுதிய காலத்தில், குடியானவர்களின் பேச்சு என்று தள்ளப்பட்ட எஸ்டோனிய மொழியில் அவர் கவிதை எழுதினார். 1822இல், 21 வயதில், காசநோயில் இறந்தார். கவிதைகள் அச்சாக ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. 1918இல் எஸ்டோனியா விடுதலை பெற்றபின் அவர் தேசத்தின் முதல் கவிஞரானார். 1996 முதல் அவர் பிறந்த நாள் தாய்மொழி நாளாக நடக்கிறது. பெற்றோர் அறிந்த மார்ச் 2 மறைந்து, புதிய கணக்கின் 14 நிலைத்துவிட்டது.

19ஆம் நூற்றாண்டு இந்தத் தேதிக்கு மேலும் இரண்டு பெயர்களைத் தந்தது. 1879 மார்ச் 14, வெள்ளிக்கிழமை முற்பகல், தென் ஜெர்மனியின் உல்ம் நகரில் ரயில் நிலையத் தெருவில் ஒரு வீட்டில் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் பிறந்தார். அடுத்த ஆண்டே குடும்பம் மியூனிக்குக்குக் குடிபெயர்ந்துவிட்டது. பிறந்த வீடு 1944 டிசம்பரில் குண்டுவீச்சில் அழிந்தது.

நான்காண்டு கழித்து, 1883 மார்ச் 14 பிற்பகல், லண்டனில் காரல் மார்க்ஸ் இறந்தார். மனைவி ஜென்னி 1881 டிசம்பரில் போய்ச்சேர்ந்திருந்தார். மூத்த மகள் 1883 ஜனவரியில் இறந்தாள். அதன்பின் அவர் தேறவே இல்லை. நாள்தோறும் பிற்பகலில் பார்க்க வரும் ஏங்கெல்ஸ் அன்றும் வந்தார். வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். நெடுங்காலம் அந்த வீட்டைக் கவனித்துவந்த ஹெலேனா டெமுத் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அரைத்தூக்கத்தில் இருக்கிறார், வரலாம் என்றார். இருவரும் உள்ளே போனபோது சாய்வு நாற்காலியிலேயே உயிர் பிரிந்திருந்தது. மார்ச் 17 அன்று ஹைகேட் கல்லறையில் அடக்கம் நடந்தது. சுற்றி நின்றவர்கள் ஒரு டஜன் பேர்கூட இருக்க மாட்டார்கள். தமிழில் கம்யூனிஸ்ட் அறிக்கை 1931இல் பெரியாரின் 'குடி அரசு' இதழில் வெளிவந்தது. இன்று தமிழ்நாட்டின் இடதுசாரிக் கட்சி அலுவலகங்களில் மார்ச் 14 அன்று மார்க்ஸ் படத்துக்கு மாலை விழுகிறது.

1931 இந்தத் தேதிக்கு இந்தியா தந்த பெரிய ஆண்டு. அவ்வாண்டு மார்ச் 14, சனிக்கிழமை, பம்பாய் கிர்காம் பகுதியின் மெஜஸ்டிக் திரையரங்கில் 'ஆலம் ஆரா' வெளியானது. அர்தேஷிர் இரானி இம்பீரியல் பிலிம் கம்பெனிக்காக எடுத்த இந்தப் படம், ஜோசப் டேவிட் எழுதிய பார்சி நாடகத்தைத் தழுவியது. ஏழு பாட்டு. நாயகி சுபைதா, நாயகன் மாஸ்டர் விட்டல். விட்டல் அப்போது வேறொரு கம்பெனியின் ஒப்பந்தத்தில் இருந்தார். அதை முறித்துக்கொண்டு வந்ததால் வழக்காயிற்று. அவர் சார்பில் வாதாடி வென்ற வழக்கறிஞர் முகமது அலி ஜின்னா.

படப்பிடிப்பு நடந்த விதம் இன்று கேட்டாலும் வியப்பூட்டும். ஒலிபுகாத அரங்கு அந்த ஸ்டுடியோவில் இல்லை. பக்கத்திலேயே ரயில் பாதை. சில நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடும். பகலில் ஒரு வசனம்கூடச் சுத்தமாகப் பதிவாகாது. வண்டிகள் நின்றபின், இரவு ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை கிடைத்த அமைதியில்தான் பெரும்பகுதியை எடுத்தார்கள். அந்த நாளில் நடிப்பையும் ஒலியையும் ஒரே நேரத்தில் பிடித்தாக வேண்டும், பிறகு குரல் சேர்க்க வழியில்லை. மைக்குகளைக் கேமராவின் கண்ணில் படாத இடங்களில் ஒளித்துவைத்தார்கள். பாட்டுக்கு வாசிப்பவர்களும் அப்படியே மறைவில் உட்கார்ந்து ஆர்மோனியமும் தபலாவும் வாசித்தார்கள். கருவியோடு அமெரிக்காவிலிருந்து வில்போர்ட் டெமிங் என்ற ஒலிப்பதிவாளர் வந்தார். அவருக்குத் தரவேண்டிய நாள் சம்பளம் அக்காலத்துக்குப் பெருந்தொகையாக இருந்ததால், வேலையைக் கற்றுக்கொண்டு இரானியே ஒலிப்பதிவு செய்தார். பக்கிரி வேடத்தில் வசீர் முகமது கான் பாடிய பாட்டுத்தான் இந்தியத் திரைப்படத்தின் முதல் பாட்டு.

வெளியீட்டு நாளில் கூட்டத்தை அடக்கப் போலீஸ் வரவேண்டியதாயிற்று. நாலணா டிக்கெட் கள்ளச் சந்தையில் நாலைந்து ரூபாய்க்குப் போனது. அவ்வளவு ஆரவாரத்தோடு வந்த படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. பாட்டுகள் இசைத்தட்டாக வெளியிடப்படவில்லை. எஞ்சியிருப்பவை சில புகைப்படங்களும் விளம்பரத் தாள்களும் பார்த்தவர்களின் நினைவுக் குறிப்புகளுமே. இந்தியத் திரைப்பட வரலாற்றின் மிகப் பெரிய இழப்புகளில் இது ஒன்று.

தமிழ்ப் பேசும் படம் பிறந்ததும் அந்த ஸ்டுடியோவிலேதான். 'ஆலம் ஆரா'வில் இரானிக்கு உதவியாளராக இருந்த எச்.எம். ரெட்டி அதே பம்பாய் ஸ்டுடியோவில் 'காளிதாஸ்' எடுத்தார். நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். பிற்காலத்தில் பெரிய தயாரிப்பாளராகிச் சென்னையில் தன் பெயரால் ஸ்டுடியோ நிறுவிய எல்.வி. பிரசாத் இரண்டு படங்களிலும் சிறு வேடம் ஏற்றார். 1931 அக்டோபர் 31 அன்று 'காளிதாஸ்' சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. தமிழ்ச் சினிமாவின் ஆண்டுவிழா எடுப்பவர்கள் அக்டோபரை நினைப்பது நியாயமே. ஆனால் அதற்கு வழி திறந்தது மார்ச் 14 என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1951 மார்ச் 14 மாலை பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டீனின் 72ஆம் பிறந்தநாள் விருந்து முடிந்தது. நண்பர் பிராங்க் அய்டெலாட்டுக்கும் அவர் மனைவிக்கும் நடுவில், காரின் பின்னிருக்கையில் ஐன்ஸ்டீன் உட்கார்ந்திருந்தார். அன்று முழுக்கப் புகைப்படக்காரர்களுக்குச் சிரித்துச் சிரித்துச் சலித்துப்போயிருந்த அவர், இன்னுமொரு முறை சிரிக்கச் சொன்னதும் நாக்கை நீட்டினார். அதைப் பிடித்தவர் ஆர்தர் சாஸ். வெளியிடலாமா என்று பத்திரிகை அலுவலகத்தில் வாக்குவாதம் நடந்தது. ஐன்ஸ்டீனுக்கோ படம் பிடித்துவிட்டது. தன் முகம் மட்டும் தெரியும்படி வெட்டிய பிரதிகளை வாங்கி நண்பர்களுக்கு அனுப்பினார். இன்று உலகம் அறிந்திருப்பது அவர் வெட்டிய வடிவத்தைத்தான்.

இதுவரை சொன்னவை தற்செயலாக இந்தத் தேதிக்கு வந்தவை. அடுத்து வரும் இரண்டும் வேண்டுமென்றே இங்கே வைக்கப்பட்டவை. ஜப்பானில் பிப்ரவரி 14 அன்று பெண்கள் ஆண்களுக்குச் சாக்லேட் தருவது வழக்கம். காதலனுக்கு மட்டுமல்ல, அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர்களுக்கும் மரியாதைக்காகத் தர வேண்டும். வாங்கியதற்குப் பதில் செய்யாமல் இருப்பது அங்கே பண்பாகாது. 1970களின் பிற்பகுதியில் புக்குவோக்கா நகரின் இஷிமுரா மன்செய்டோ என்ற இனிப்புக் கடை, ஒரு மாதம் கழித்து மார்ச் 14 அன்று ஆண்கள் மார்ஷ்மல்லோ தந்து பதில் மரியாதை செய்யலாம் என்று விளம்பரப்படுத்தியது. பதிலுக்கு ஆண்கள் எதுவும் தருவதில்லையே என்று ஒரு பெண் பத்திரிகைக்கு எழுதியிருந்ததே அதற்குத் தூண்டுதல். நாடு தழுவிய மிட்டாய் உற்பத்தியாளர் சங்கம் அதை எடுத்துக்கொண்டு 1980இல் வெள்ளை நாள் என்று நடத்தியது. கொரியாவும் தைவானும் தொடர்ந்தன. கொரியாவில் இதற்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு: இரண்டு நாளிலும் எதுவும் கிடைக்காத தனியர்கள் ஏப்ரல் 14 அன்று கூடி, கருப்புச் சாறு ஊற்றிய நூடுல்ஸ் சாப்பிடுகிறார்கள். கடைக்காரர்கள் தொடங்கியது என்பதால் இவற்றைத் தள்ளிவிட முடியாது. கொடுத்தால் திருப்பித் தரவேண்டும் என்ற பழைய மரியாதை முன்பே இருந்ததால்தான் விளம்பரம் பலித்தது.

பை நாளைத் தொடங்கியவர் லாரி ஷா, சான்பிரான்சிஸ்கோவின் எக்ஸ்புளோரட்டோரியம் அறிவியல் கூடத்தில் வேலைபார்த்த இயற்பியலாளர். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் 3.14159 என்ற எண்ணின் முதல் மூன்று இலக்கம், மாதத்தை முன்னால் எழுதும் அமெரிக்க வழக்கில் 3/14 என்று அமைகிறது. 1988 மார்ச் 14 அன்று, அடுத்த மூன்று இலக்கத்தைக் குறிக்கும் 1 மணி 59 நிமிடத்துக்கு, ஷாவும் உடன் வேலைபார்த்தவர்களும் வட்டமான ஓர் இடத்தைச் சுற்றி நடந்தார்கள். 'பை' என்ற பழப் பலகாரத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அன்றுதான் ஐன்ஸ்டீனின் பிறந்தநாள் என்பதைப் பின்னர் கவனித்துச் சொன்னது ஷாவின் மகள். நாளை முதலில் எழுதும் இந்தியாவில் இந்தப் பொருத்தம் வராது. 22/7 என்று பள்ளியில் படித்த கணக்குக்குப் பொருந்துவது ஜூலை 22. அதைக் கொண்டாடுவோரும் இருக்கிறார்கள். 2009இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை பை நாளை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2019 நவம்பரில் யுனெஸ்கோ மார்ச் 14ஐ உலகக் கணித நாளாக அறிவித்தது.

அந்த எண்ணுக்கு இந்திய வரலாறு நெடியது. ஆரியபட்டர் கி.பி. 499இல் 62832ஐ 20000ஆல் வகுத்து 3.1416 என்று தந்தார். கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் 1914இல் வெளியான கட்டுரையில், அந்த எண்ணை மிக விரைவாக நெருங்கும் தொடர்கள் பலவற்றைக் கொடுத்தார். 1985இல் பில் காஸ்பர் அவற்றுள் ஒன்றைக் கணினியில் ஏற்றி 1 கோடியே 70 இலட்சம் இலக்கங்களுக்கு மேல் கண்டார். அதே வகைத் தொடரைச் செம்மைப்படுத்தியே சுத்னோவ்ஸ்கி சகோதரர்கள் தங்கள் முறையை அமைத்தார்கள். 2019 மார்ச் 14 அன்று கூகுள் பொறியாளர் எம்மா ஹருகா இவாவ் அறிவித்த 31.4 இலட்சம் கோடி இலக்கங்கள் அந்த முறையில் கணக்கிடப்பட்டவை.

ஷாவின் கூட்டம் வட்டமிட்டு நடந்த அதே 1988 மார்ச் 14 வியட்நாமில் துக்கநாள். தென்சீனக் கடலின் ஸ்பிராட்லி தீவுக்கூட்டத்தில், கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் காக் மா பவளத்திட்டில் கொடி நட்டிருந்த வியட்நாம் வீரர்கள்மீது சீனக் கடற்படை காலையில் சுட்டது. முழங்கால் தண்ணீரில் நின்றவர்களுக்கு மறைவிடம் இல்லை. 64 பேர் இறந்தார்கள். திட்டு இன்றும் சீனாவிடம் இருக்கிறது. தேதி ஒன்றானாலும் நேரம் ஒன்றல்ல: ஹனோயில் 14ஆம் தேதி காலை என்றால் சான்பிரான்சிஸ்கோவில் இன்னும் 13ஆம் தேதி பிற்பகல்தான்.

2007 மார்ச் 14 மேற்கு வங்கத்தில் நினைக்கப்படுவது நந்திகிராமுக்காக. இரசாயனத் தொழில் வளாகத்துக்காக நிலம் எடுக்கப்படும் என்ற அச்சத்தில் சாலைகளை வெட்டிக் கிராமத்தை அடைத்திருந்த விவசாயிகள்மீது போலீஸ் சுட்டது. 14 பேர் இறந்தார்கள். ஆட்சியில் இருந்தது இடதுசாரி முன்னணி. அன்று மார்க்ஸின் நினைவுநாள். விவசாயிகளின் ஆதரவில் எழுந்து நின்ற அரசுக்கு அது ஆறாத காயம். 34 ஆண்டு ஆட்சி 2011இல் முடிந்தது.

2018 மார்ச் 14 அதிகாலை ஸ்டீபன் ஹாக்கிங் கேம்பிரிட்ஜில் இறந்தார். செய்தி வந்தபோது இந்தியாவில் காலை, கலிபோர்னியாவில் 13ஆம் தேதி இரவு. ஐன்ஸ்டீன் பிறந்த நாளில் மறைந்தார், கலிலியோ இறந்த 300ஆம் ஆண்டு நாளில் பிறந்தார் என்று பத்திரிகைகள் எழுதின. இரண்டும் உண்மை. ஹாக்கிங் பிறந்தது 1942 ஜனவரி 8. ஐன்ஸ்டீனும் அவரும் 76 வயதிலேயே இறந்தார்கள் என்பதையும் சேர்க்கலாம். ஆயினும் இத்தகைய பொருத்தங்கள் தோன்றும் அளவுக்கு அரியவை அல்ல. ஓர் அறையில் 23 பேர் இருந்தாலே, அவர்களில் யாரேனும் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடுகிறது. புகழ்பெற்றோர் ஆயிரக்கணக்கில், தேதிகள் 366 மட்டுமே.

மீதமுள்ள இரண்டு அனுசரிப்புகளும் சூரியனின் கணக்கைச் சேர்ந்தவை. சீக்கியர்களின் விழாக்கள் முன்பு விக்ரம நாட்காட்டியின்படி நடந்தன. அதில் மாதப் பிறப்பு பருவங்களை விட்டுச் சிறிது சிறிதாக விலகிக்கொண்டே போகும். கனடாவில் வாழ்ந்த பொறியாளர் பால் சிங் புரேவால், அந்த விலகல் இல்லாத நானக்‌ஷாஹி நாட்காட்டியை அமைத்தார். குரு நானக் பிறந்த 1469 அதன் முதலாண்டு. சேத் மாதம் முதல் நாள் எப்போதும் மார்ச் 14. 2003இல் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி அதை ஏற்றது. 2010இல் செய்த திருத்தத்தில் மாதப் பிறப்புகள் பழைய சங்கராந்திக் கணக்குக்குத் திரும்பின. அதை ஏற்காதவர்கள் மூல நாட்காட்டியையே பின்பற்றுகிறார்கள், விவாதம் ஓயவில்லை.

காரடையான் நோன்பு அந்த விலகலை உள்ளபடி ஏற்றுக்கொண்ட வழக்கம். மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நேரம் அதற்குரியது. சத்தியவானின் உயிரை எமனிடமிருந்து மீட்ட சாவித்திரியை நினைத்துப் பெண்கள் இருக்கும் நோன்பு இது. அரிசி மாவை வறுத்து, வேகவைத்த காராமணியும் தேங்காய்ப் பல்லும் வெல்லப்பாகும் சேர்த்துக் கிளறி, தட்டையாகத் தட்டி, நடுவில் விரலால் துளையிட்டு ஆவியில் வேகவைப்பார்கள். பச்சை மிளகாய் போட்ட உப்படையும் உண்டு. இலையில் அடைக்குப் பக்கத்தில் உருக்காத வெண்ணெய் வைத்துப் படைத்து, மஞ்சள் சரடைக் கழுத்தில் கட்டிக்கொள்வார்கள். மாசி இருக்கும்போதே சரடு ஏறிவிட வேண்டும் என்பது பல வீடுகளில் கண்டிப்பு. ஆகவே பங்குனி பிறக்கும் நேரத்தைப் பஞ்சாங்கத்தில் பார்த்துத்தான் அடுப்பு மூட்டுகிறார்கள். சில ஆண்டு அது மாலை விளக்கு வைக்கும் நேரம், சில ஆண்டு நள்ளிரவு, சில ஆண்டு விடியற்காலை. ஆண்டுக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக அது தள்ளிப்போய், மிகைநாள் வரும் ஆண்டில் திரும்ப முன்னே வருகிறது.

அந்தச் சற்றுக் கூடுதல்தான் நெடுங்காலத்தில் கணக்கை மாற்றுகிறது. பஞ்சாங்கம் சூரியனை விண்மீன்களோடு வைத்து அளக்கிறது. ஆங்கில நாட்காட்டி பருவங்களோடு அளக்கிறது. இரண்டுக்கும் 72 ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நாள் வித்தியாசம். விவேகானந்தர் மகர சங்கராந்தியன்று பிறந்தார்; அது 1863 ஜனவரி 12. இன்று அதே சங்கராந்தி 14 அல்லது 15இல் வருகிறது. நோன்பும் அப்படியே தள்ளிப்போய், இப்போது மார்ச் 14க்கும் 15க்கும் இடையே நிற்கிறது. இந்நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் மிகைநாள் உள்ள ஆண்டுகளில் மட்டும் 14ஆம் தேதி இரவில் பங்குனி பிறக்கும். 2100ஆம் ஆண்டு ஆங்கில நாட்காட்டியில் மிகைநாள் இல்லை. அதனால் அவ்வாண்டு முதல் பங்குனிப் பிறப்பு மார்ச் 16ஐ ஒட்டி அமையும்.